பட்டத்தைத் தடுக்க வேண்டாம், முச்சை கட்டப் பழக்குவோம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுதாக வாசித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கடந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நடந்த கூட்டம் ஊரில் பலருக்கும் தெரியும். பிள்ளைகள் பட்டம் விடுவதை முற்றாகத் தடை செய்ய வேண்டும் என்று அங்கே பேசப்பட்டது. கடைகளில் பட்டம் விற்கக் கூடாது, பிடிபடுகிற பட்டத்தை அந்த இடத்திலேயே கிழித்துப் போட வேண்டும் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மூன்று கிழமைக்கு முன்னர், அஸர் தொழுதுவிட்டுப் பிரதான வீதியால் மோட்டார் சைக்கிளில் வந்த காக்கா ஒருவரின் கழுத்தில் தங்கூசி நூல் மாட்டி, ஐந்து தையல் போட வேண்டி வந்தது. இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. அல்ஹம்துலில்லாஹ், ஆள் சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்த நூல் எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருவருடையது. எட்டாம் தரம் படிக்கிறார். சம்பவத்துக்குப் பிறகு மூன்று நாள் பாடசாலைப் பக்கமே வரவில்லை. கூட்டத்தில் அவருடைய வாப்பா கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். ஆசிரியர்களான நாங்களும் அங்கே இருந்தோம். பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் கருத்து இதுதான்: அந்தக் காக்காவின் கழுத்தை வெட்டியது பட்டம் விடுகிற ஆசை அல்ல. பலமான காற்றில் பட்டத்தை எப்படிச் சரிசெய்து விடுவது என்று யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காததுதான் காரணம். அந்த யாரும் என்பதில் நாங்களும் அடக்கம்.

அன்று என்ன நடந்தது என்று அவரை ஏசாமல் உட்கார வைத்துக் கேட்டோம். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பட்டம். முச்சை கடையிலேயே கட்டி வந்தது, அவர் அதில் கை வைக்கவில்லை. முதலில் பருத்தி நூலில்தான் ஏற்றியிருக்கிறார். கச்சான் காற்று உரத்து அடிக்க நூல் இரண்டு முறை அறுந்துவிட்டது. கூட்டாளி ஒருவர் சொல்லித் தங்கூசிக்கு மாறியிருக்கிறார். பிரதான வீதிக்கு மேற்கே உள்ள வெறும் வளவொன்றில் நின்று, இருநூறு மீற்றருக்கு மேல் நூலை விட்டிருக்கிறார். இழுவை தாங்காமல் கைக்குக் கிட்ட நூல் அறுந்தது. பட்டம் கிழக்கே பறந்து வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டு மரத்தில் விழுந்தது. நூல் வீதிக்குக் குறுக்கே தொங்கியது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைப் பாருங்கள். அது தங்கூசி இல்லை, முச்சை. பட்டத்தின் நெஞ்சில் கட்டும் அந்த மூன்று நூல்தான், பட்டம் காற்றுக்கு எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. முடிச்சைக் கொஞ்சம் கீழே, வால் பக்கம் இறக்கினால் பட்டம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காற்றை முழுதாக வாங்கும், கடுமையாக இழுக்கும். கொஞ்சம் மேலே, மூக்குப் பக்கம் ஏற்றினால் பட்டம் தட்டையாகி, காற்று அதன் கீழால் வழுக்கிக்கொண்டு போகும், இழுவை குறையும். கடைப் பட்டத்தின் முச்சை இளங்காற்றிலும் எழும்ப வேண்டும் என்று கட்டியது. அதை அப்படியே கச்சானில் ஏற்றினால் நூல் அறாமல் என்ன செய்யும்?

வகுப்பில் இதை ஒரு கணக்காகவே கொடுக்கலாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தில் விழும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீற்றர் காற்றில் ஒரு கிலோ இழுக்கிற பட்டம், 40 கிலோமீற்றர் காற்றில் நான்கு கிலோ இழுக்கும். எட்டாம் தரப் பிள்ளைக்கு அதைத் தாங்க இரண்டே வழிதான் தெரியும்: இன்னும் பலமாகப் பிடிப்பது, இன்னும் உறுதியான நூல் வாங்குவது. மூன்றாவது வழி, முடிச்சை ஒரு நெல்மணி அளவு மேலே ஏற்றுவது. அது தெரிந்திருந்தால் பருத்தி நூலே போதுமாக இருந்திருக்கும். பருத்தி நூலும் ஆபத்தே இல்லாதது என்று சொல்ல வரவில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளில் வருகிற ஆளின் மேல் பட்டால் அது பெரும்பாலும் தானே அறுந்துவிடும். தங்கூசி அறாது.

இதையெல்லாம் நாங்கள் முன்பே தெரிந்து வைத்திருந்தவர்கள் போல எழுதினால் அது பொய். ஈர்க்கில் பட்டம் கட்டிய கை எங்களுடையது. கோதுமை மாப் பசையும் பழைய சாரன் கிழித்த வாலும் மறக்கவில்லை. ஆனால் கலாசாலைக்குப் போய், பாடக்குறிப்பு எழுதப் பழகிய பிறகு, முச்சையை எங்கே கட்டுவது என்பது மறந்துபோய்விட்டது. திரும்ப ஞாபகப்படுத்தியது ஒரு வெளிநாட்டுப் பட்டம்.

எங்கள் சக ஆசிரியர் ஒருவரின் தம்பி கட்டாரிலிருந்து வரும்போது இரண்டு நூல் பட்டமொன்று கொண்டு வந்திருந்தார். முக்கோண வடிவம், மெல்லிய நைலோன் துணி, காபன் கோல்கள். ஒவ்வொரு கைக்கும் ஒரு நூல். வலது கையை இழுத்தால் வலது பக்கம் திரும்பும், இடது கையை இழுத்தால் இடது பக்கம் திரும்பும், இரண்டையும் சமமாகப் பிடித்தால் நேரே போகும். மாட்டு வண்டிக்காரர் கையில் இருக்கும் கயிறு போலத்தான். இந்த வகைப் பட்டத்தை 1970களில் பிரிட்டனைச் சேர்ந்த பீற்றர் பவல் என்பவர் பிரபலப்படுத்தினார். அதற்கும் முன்னர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்கக் கடற்படை வீரர்கள் சுட்டுப் பழகுவதற்காக போல் காபர் என்பவர் இப்படித் திருப்பக்கூடிய பட்டமொன்றைச் செய்தார். 1899இல் ரைட் சகோதரர்கள் இறக்கையை முறுக்கித் திருப்பும் தங்கள் யோசனையைச் சோதித்ததும் ஒரு பட்டத்தில்தான். இரண்டு கையிலும் தடி பிடித்து, நூல் கட்டி, தரையில் நின்றுகொண்டே சோதித்தார்கள். ஆகாய விமானத்துக்கு வழி பட்டத்தால்தான் போனது.

அந்தப் பிள்ளை பாடசாலைக்குத் திரும்பி வந்த கிழமையே அவரையும் இன்னும் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு, அஸருக்குப் பிறகு கடற்கரைக்குப் போனோம். வீட்டாருக்குச் சொல்லிவிட்டுத்தான் போனோம். போனது பெரிய படிப்பினையாகிவிட்டது.

முதல் பிழை இடம். கடற்கரை என்றால் திறந்த வெளி, நல்ல காற்று என்று நினைத்தோம். கச்சான் மேற்கேயிருந்து வருகிற காற்று. எங்கள் கடற்கரைக்கு வருமுன் அது ஊரையே தாண்டி வருகிறது. மாடி வீடு, தென்னை, மதில், எல்லாவற்றிலும் முட்டி உடைந்து சுழன்று வருகிறது. ஒரு மரத்துக்குப் பின்னால், அதன் உயரத்தின் ஏழெட்டு மடங்கு தூரத்துக்குக் காற்று ஒழுங்காக இருக்காது என்பது பட்டம் விடுகிறவர்களின் கணக்கு. பத்து மீற்றர் தென்னைக்கு எழுபது எண்பது மீற்றர். எங்கள் கடற்கரையில் அவ்வளவு அகலம் ஏது? பட்டம் ஏறும், திடீரென்று செத்துப்போகும், அடுத்த வீச்சில் பைத்தியம் பிடித்தது போல இழுக்கும். மூன்றாவது முறை மூக்கால் மணலில் குத்தி ஒரு கோல் முறிந்தது. கச்சானில் பட்டம் கடலுக்கு மேலேதான் போகும் என்பதையும் மறக்கக் கூடாது. அறுந்தால் கடலுக்குள் விழும். அதை எடுக்கப் பிள்ளை பின்னால் ஓடும். அன்றே அந்த இடத்தை விட்டுவிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை ஊருக்கு மேற்கே, வேளாண்மை வெட்டி முடிந்த வட்டைக்குப் போனோம். காற்று அங்கே வயல் வெளி மேலால் தடையில்லாமல் வருகிறது. அதே கச்சான், ஆனால் குலுக்கல் இல்லை. முறிந்த கோலுக்குப் பதிலாகப் பழைய தூண்டில் தடியில் ஒரு துண்டு வெட்டிப் போட்டிருந்தோம்.

இரண்டாவது பிழை அங்கே தெரிந்தது. பட்டம் ஏறியதும் இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி விழுந்தது. காற்றைக் குறை சொன்னோம், பிடித்திருந்த பிள்ளையைக் குறை சொன்னோம், தூண்டில் தடியையும் குறை சொன்னோம். நூலுக்குச் சொந்தக்காரப் பிள்ளை, கூட்டத்தில் அவ்வளவு பேச்சு வாங்கிய அதே பிள்ளை, மெதுவாகச் சொன்னார்: “சேர், ஒரு நூல் கூடப் போல இரிக்கி.” இரண்டு நூலையும் ஒரு ஆணியில் மாட்டி இழுத்துப் பார்த்தோம். வலது நூல் நாலு விரல் நீளம் கூட. கூடின நூலில் ஒரு முடிச்சுப் போட்டுச் சமப்படுத்தியதும் பட்டம் நேரே போனது. புதிய நூல் இழுபட இழுபட நீளும், இரண்டும் ஒரே அளவில் நீளாது. அதனால் ஒவ்வொரு முறையும் விடுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். அளக்காமல் பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது என்பதையும் அங்கேதான் படித்தோம்.

மூன்றாவது முச்சை. விழுந்து எழும்பியதில் ஒரு பக்கத்து முடிச்சு வழுக்கியிருந்தது. பட்டத்தை நடுவால் மடித்து இரண்டு பக்கத்து முச்சையையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தோம். சரிசெய்த பிறகு, இழுவையைக் குறைக்க இரண்டு பக்கமும் ஒரே அளவில் மேலே ஏற்றினோம். ஒரு முறைக்கு ஒரு நெல்மணி நீளம், அதற்கு மேல் இல்லை. ஏற்றிப் பார்ப்பது, விட்டுப் பார்ப்பது, பிறகு அடுத்த நெல்மணி. அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் பட்டம் படபடத்து மூக்குக் குப்புற விழுகிறது, அதையும் கண்டோம். இழுவை குறைந்த இடத்தில் வேகம் கூடிவிட்டது. அதற்குப் பழைய வைத்தியம்தான் உதவியது: சாரன் துணியில் நீளமாக ஒரு வால். வால் காற்றில் இழுபட்டுப் பட்டத்தைச் சாந்தப்படுத்துகிறது.

நான்காவது பிழைதான் பெரியது, அது பட்டத்தில் இல்லை, எங்களில். வீச்சுக் காற்று வந்து பட்டம் இழுக்கும்போது எல்லோரும் செய்வது ஒன்றே: குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுப்பது. நாங்கள் பின்னால் இழுக்க இழுக்கப் பட்டத்துக்குக் காற்று கூடுகிறது, அது இன்னும் இழுக்கிறது. செய்ய வேண்டியது எதிர்மாறானது. பட்டத்தை நோக்கி நாலு எட்டு நடக்க வேண்டும், கையை முன்னால் நீட்ட வேண்டும். உடனே இழுவை இறங்கிவிடும். பட்டம் தரையில் குத்தப் போகிறது என்று கண்டாலும் அதேதான்: இழுக்காமல் இரண்டு கையையும் முன்னால் தள்ள வேண்டும், கோல் தப்பும். பலமான காற்றில் பட்டத்தை நடு வானத்தில் வைத்துக்கொண்டிருக்கவும் கூடாது. முழு இழுவையும் காற்றுக்கு நேர் எதிரே நடுவில்தான். ஏற்றுவதும் இறக்குவதும் ஓரத்தில் செய்தால் பத்து வயதுப் பிள்ளைக்கும் பிடிக்கலாம்.

2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டமொன்றை ஏற்றிய இளைஞர் ஒருவர் கயிற்றோடு மேலே இழுபட்டுப் போன காணொளியை நாம் எல்லோரும் பார்த்தோம். உயிர் தப்பிவிட்டார். வடக்கில் பட்டம் பெரிய கலை, வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குக் கடற்கரை நிறையப் பட்டம் ஏறும். கை தேர்ந்தவர்கள் உள்ள இடத்திலேயே காற்று அப்படிச் செய்யுமென்றால், யாரும் சொல்லிக் கொடுக்காத எங்கள் பிள்ளைகளின் நிலை என்ன?

பிள்ளைகள் வட்டையில் நின்ற அந்த இரண்டு மணித்தியாலத்தில் யாரும் போனைத் தொடவில்லை. நாங்கள் தொடச் சொல்லியும் தொட்டிருக்கமாட்டார்கள், இரண்டு கையும் நூலில் இருந்தது. திரும்பி வரும்போது அந்தப் பிள்ளை சொன்னார்: “அண்டைக்கு நான் பட்டத்தத்தான் பாத்துக்கிட்டு நிண்டன் சேர். நூல் எங்க கிடக்கிண்டு பாக்கல்ல.” இதை எந்தத் தடையும் அவருக்குப் படிப்பித்திருக்காது.

பிறகு அவருடைய வாப்பாவோடு சேர்ந்து காயப்பட்ட காக்காவின் வீட்டுக்குப் போனோம். பிள்ளை வாசலில் நின்று அழுதுவிட்டார். காக்கா கழுத்துக் கட்டோடு வெளியே வந்து, “அழாத மனே, உள்ள வா. இனி உடுறண்டா வட்டைக்குப் போய் உடு, றோட்டுக்குக் கிட்ட வேணாம்” என்றார். காயப்பட்ட ஆளே விடாதே என்று சொல்லவில்லை, எங்கே விட வேண்டும் என்றுதான் சொன்னார்.

இனி, தடை கேட்கிறவர்களுக்கு எங்கள் பதில். தடை செய்தால் பட்டம் நின்றுவிடாது. மொட்டை மாடிக்கும் ஒழுங்கைக்கும் போய்விடும், மின்கம்பிக்கு இன்னும் கிட்டப் போகும், பெரியவர்களின் கண்ணுக்கு எட்டாமல் போகும். ஒரு பகுதிப் பிள்ளைகள் உண்மையில் விட்டுவிடுவார்கள்தான். அவர்கள் மிச்ச நேரத்தில் ரியூசன் பாடத்தைப் படிப்பார்கள் என்று நம்புகிற ஒரு பெற்றோரையும் நாங்கள் காணவில்லை.

படிப்புக் கெடும் என்கிறவர்களுக்கு: கடந்த கிழமை எட்டாம் தர வகுப்பில் முச்சை நூலை அளந்து விகிதம் செய்தோம், விசைப் பாடத்தைப் பட்டத்தை வைத்தே நடத்தினோம். 1901இல் மார்க்கோனி அத்திலாந்திக்குக்கு அப்பாலிருந்து வந்த வானொலிச் சமிக்ஞையைப் பிடித்தது, நியூபவுண்ட்லாந்தில் கடும் காற்றில் பட்டமொன்று தூக்கிப் பிடித்த கம்பியில் என்று சொன்னபோது கடைசி வாங்கில் இருப்பவர்களும் நிமிர்ந்தார்கள். அளந்ததில் பெண் பிள்ளைகள்தான் கெட்டித்தனம். ஒருவர் கேட்டார்: “நாங்க அளக்கிற, அவங்க உடுறதா சேர்?” எங்களிடம் நல்ல பதில் இருக்கவில்லை. பாடசாலை மைதானத்தில், டீச்சர்மாரோடு, அவர்களுக்கும் ஒரு நாள் ஒழுங்கு செய்யும்படி அதிபரிடம் கேட்டிருக்கிறோம்.

ஊர்ப் பெரியவர்களிடமும் பெற்றோரிடமும் நாங்கள் கேட்பது தடைக்குப் பதிலாக இவை:

ஒன்று, தங்கூசியையும் கண்ணாடித்தூள் பூசிய நூலையும் பட்டத்துக்கு விற்க வேண்டாம், வாங்கிக் கொடுக்க வேண்டாம். தடை வேண்டுமென்றால் அதற்குப் போடுங்கள், நாங்கள் முன்னால் நிற்போம்.

இரண்டு, எவ்வளவு நூல் விடுகிறோமோ அவ்வளவு தூரத்துக்குக் காற்றுப் போகும் பக்கம் வீதியோ மின்கம்பியோ இருக்கக் கூடாது. கச்சானில் காற்றுப் போகும் பக்கம் கிழக்கு. வீதிக்கு மேற்கே, கிட்ட நின்று விடுகிற எந்தப் பட்டமும் அறுந்தால் வீதிக்குக் குறுக்கேதான் விழும். இரண்டு நூல் பட்டத்தின் நூல் இருபத்தைந்து முப்பது மீற்றர்தான், அதற்கு மேல் அது போகாது. வசதியுள்ளவர்கள் வெளிநாட்டிலிருந்து வரும்போது பாடசாலைக்கு ஒன்று கொண்டு வந்தால் நல்லது.

மூன்று, குடை பிடிக்க முடியாத காற்றில் பட்டம் வேண்டாம். அது பட்டத்துக்குரிய காற்று இல்லை. கம்பியில் மாட்டிய பட்டத்தை எந்தக் காற்றிலும் எடுக்கப் போக வேண்டாம்.

நான்கு, மஃரிபுக்கு அரை மணித்தியாலம் முன்னரே நூலைச் சுற்றிவிட வேண்டும். இருட்டில் நூல் யாருக்கும் தெரியாது. அறுந்த நூலை விட்டுவிட்டு வருவது, அறுக்கிற கத்தியை வீதியில் போட்டுவிட்டு வருவதற்குச் சமம். நடந்துபோய்ச் சுற்றி எடுக்க வேண்டும்.

ஐந்து, பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும். இதுதான் கஷ்டமானது என்று எங்களுக்குத் தெரியும். கச்சான் காலம் முடியும் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அஸருக்குப் பிறகு நாங்கள் வட்டையில் நிற்கிறோம். முச்சை கட்டத் தெரிந்த மூத்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஈர்க்கில் வளைக்கவும் வால் அளக்கவும் எங்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும். மாமாமார், காக்காமார் ஒரு நாளைக்கு வந்து நின்றால் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் பெரிய உதவி.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இந்த விடயம் மீண்டும் கூட்டத்துக்கு வருகிறது. இந்த முறை நாங்கள் பேசுவோம், இன்ஷா அல்லாஹ். அதற்கு முன் இதை வாசிக்கிற பெற்றோர் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பிள்ளையின் பட்டத்தை எடுத்து முச்சையைப் பாருங்கள், நூலைப் பாருங்கள். தங்கூசி என்றால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். எங்கே நின்று விடுகிறாய் என்று கேளுங்கள். ஏசாமல் கேளுங்கள், சொல்லுவார்கள்.